அக்கா அடிக்காத ஷாட்

ஃபைனலில் எதிர் நாற்காலியில் உட்காரப்போவது ஷண்முகப்ரியா என்று தெரிந்ததும் தௌசீஃபுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பயம் அடுத்த நிமிஷம்தான் வந்தது.

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. ராயப்பேட்டையில் அவன் வயசுப் பையன்கள் போனில் கிரிக்கெட்காரன் படத்தை வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் சினிமாக்காரன் படத்தை. இவன் போனைத் திறந்தால் மந்தைவெளிக்காரி ஒருத்தி கேரம் போர்டின் மேல் குனிந்து ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பாள். பேப்பரில் அவள் பெயர் வந்தால் உள்பக்கத்தில், அதுவும் ஒரு மூலையில் வரும். அதைத் தேடிக் கண்டுபிடித்துப் படிப்பான். நேரில் பேசியதே இல்லை, ஆனாலும் அவனுக்கு அவள் ‘அக்கா’. நாலு வருஷமாக அவள் ஆட்டத்தை வீடியோவில் பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றுக்கொண்டவன். அவள் நாற்காலியில் இடப்பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்தால் இவனும் ஒருக்களித்தான். அவள் பவுடரைக் கிள்ளித் தூவினால் இவனும் கிள்ளித் தூவினான். கிளப்பில் இவனுக்கு வைத்த பட்டப்பெயர் ‘மேடம்’. வைத்தவன் ஹம்மாத். அடுத்த வாரமே அதே மேடத்திடம் மூன்று கேம் தோற்றான், அது வேறு கதை.

பயத்துக்குக் காரணம் அவனுடைய அப்பா அக்பர் பாஷா. ஜாம்பஜார் பக்கத்தில் சோஃபாவுக்கு மெத்தை தைக்கிற கடை அவருடையது. வீட்டில் பேசுவதெல்லாம் உருதுதான். ஆனால் கோபம் வந்தால் உருது ஓடிப்போய் ராயப்பேட்டைத் தமிழ் வந்து நிற்கும். போன வாரம் அது வந்து நின்றது.

“இத பாரு நைனா. எனக்கு இடுப்பு போயிடுச்சி. குனிஞ்சு ஆணி அடிக்க முடியல. நீ இன்னாடான்னா தெனம் போர்டாண்ட குந்திகினு கீற. இந்த தி.நகர் டோர்னமென்ட்ட ஜெயிச்சுட்டு வா, இன்னும் ஒரு வருஷம் ஆடிக்கோ, நான் வாயே தொறக்க மாட்டேன். தோத்தியா, மறுநாள் காலைல கடைக்கு வந்துரணும். போர்டு பரண்ல ஏறிடும். இன்னா சொல்ற?”

என்ன சொல்வான்? சரி என்றான். அப்பா கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் பெரிய கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது?

ஆக, ஜெயித்தால் ஆட்டம், தோற்றால் ஆணியும் ரெக்ஸினும். அதுவும் யாரைப் பார்த்துக் கற்றானோ அவளையே ஜெயித்தாக வேண்டும். ஆண், பெண் என்று பிரிக்காத போட்டி அது. உஸ்மான் ரோட்டுக் கடைக்காரர்கள் சேர்ந்து வருஷா வருஷம் நடத்துவது. கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் நேற்றைய கல்யாணத்து வாழைமரம் வாடிப்போய் இன்னும் நின்றது. உள்ளே சாம்பார் வாசனையும் போகவில்லை. பவுடர் பறக்கும் என்று மின்விசிறியை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். போர்டுக்கு மேல் ஒரு பல்பு தாழ்ந்து தொங்கியது. சுற்றிலும் நாற்காலி போட்டு, அதற்குப் பின்னால் ஆட்கள் நின்று, மேடைப் படியெல்லாம் உட்கார்ந்து, வேர்வை ஆறாக ஓடியது.

“மச்சி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ,” என்று ஹம்மாத் அவன் தோளைப் பிடித்து அழுத்தினான். “ஆம்பளகிட்ட தோத்தா அது ஆட்டம். பொம்பளகிட்ட தோத்துட்டு கிளப்பு பக்கம் வந்துராத. எங்க மானமும் சேர்ந்து போவும்.”

அதற்குள் எதிர் நாற்காலியில் ஷண்முகப்ரியா வந்து உட்கார்ந்துவிட்டாள். நீலச் சட்டை, தலைமுடியை இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்ட், நெற்றியில் சின்னதாகத் திருநீறு. வயது இருபத்தெட்டு இருக்கலாம். வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளம். அவனைப் பார்த்துச் சும்மா தலையை அசைத்தாள். தன்னைப் போலவே எதிரே ஒருத்தன் ஒருக்களித்து உட்கார்வதைப் பார்த்து அவள் புருவம் லேசாக ஏறியது. அவ்வளவுதான். அவள் அவனுக்கு ஆசி வழங்க வரவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தாள்.

ஆட்டத்துக்குள் போவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கேரமில் ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்கிற கோடு ஒன்று இருக்கிறது. காய் அந்தக் கோட்டுக்குப் பின்னால், ஆடுகிறவன் மடிப் பக்கம் வந்து கிடந்தால் என்ன செய்வது? தெருவில் ஆடுகிற பொடியனும் கட்டைவிரலைத் திருப்பி வைத்துப் பின்பக்கமாக ஒரு சுண்டு சுண்டுவான். காய் பாக்கெட்டில் விழும். இதற்குத் தம்ப் ஷாட் என்று பெயர். ஷண்முகப்ரியா இதை அடித்து யாரும் பார்த்ததில்லை. அவள் ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்துக்கு அனுப்புவாள். அது மோதித் திரும்பி வந்து, தன் மடியில் கிடக்கிற காயைத் தட்டி உள்ளே தள்ளும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஆனால் அவள் தொட்டால் மூக்கு தப்பியதில்லை.

பக்தி வந்துவிட்டால் புத்தி போய்விடும் என்பது கேரமுக்கும் பொருந்தும். அக்கா தம்ப் அடிப்பதில்லை, ஆகவே தம்ப் மட்டமான ஷாட் என்று தௌசீஃப் முடிவு கட்டினான். முடிவு கட்டியதோடு விட்டானா? கிளப்பில் பிரசங்கமே செய்தான். “தம்ப் சோம்பேறிங்க அடிக்கறது மச்சி. அக்கா ஒரு வாட்டி அடிச்சு பாத்திருக்கியா?” சின்ன வயசில் ஜாம்பஜார் சந்தில் அவன் கட்டைவிரலுக்குப் பெரியவர்களே பயப்படுவார்கள். அந்த விரலை நாலு வருஷமாக அவன் போர்டின் மேல் எடுக்கவில்லை. திரும்பி வருகிற ஷாட்டை மட்டுமே ராத்திரி பகலாகப் பழகினான். நன்றாகவும் பழகியிருந்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

முதல் கேமை அவள் எடுத்தாள். எடுத்தாள் என்று சொல்வதைவிட அவன் கொடுத்தான் என்பதுதான் சரி. அவள் ஒவ்வொரு ஷாட் அடிக்கும்போதும் எதிராளியாக இல்லாமல் ரசிகனாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஹம்மாத், “இன்னா மேடம், ஆட்டோகிராஃப் வாங்க வந்தியா?” என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. தௌசீஃபின் காது சூடாகிவிட்டது. அந்தச் சூட்டிலேயே இரண்டாவது கேமை ஆடினான். வாயை இறுக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், காயைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் ஆடி எடுத்துவிட்டான்.

ஆளுக்கொரு கேம். இடைவேளை விட்டார்கள். டீ வந்தது.

நடுவர் சிதம்பரநாதன் அந்தக் காலத்திலிருந்து எல்லாப் போட்டிக்கும் விசில் இல்லாத நடுவராக வருகிறவர். ஷண்முகப்ரியாவைப் பாவாடை சட்டையில் பார்த்தவர். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

“விரல் எப்படிம்மா இருக்கு? வலி கிலி இருக்கா?”

“வலியெல்லாம் இல்ல சார். மடங்கத்தான் மாட்டேங்குது. ரங்கநாதன் தெரு ஷட்டர் அன்னிக்குக் கடிச்சது கடிச்சதுதான்.”

“அப்பா கடைல தானே?”

“அப்பா கடையா? அப்பா வேலை பாத்த கடை சார். எனக்கு ஒம்பது வயசு. ஷட்டரை நான்தான் இழுப்பேன்னு ஒரே அடம்.” சிரித்துக்கொண்டே டீ கிளாஸை எடுத்தாள்.

தௌசீஃப் பார்த்தான். கிளாஸை நாலு விரலால்தான் பிடித்திருந்தாள். வலது கட்டைவிரல் அதில் சேராமல் தனியாக விறைத்து நின்றது. நகம் இருக்க வேண்டிய இடம் சப்பையாக இருந்தது. வீடியோ எடுத்தவன் எல்லாம் காயைத்தான் எடுத்தான், போர்டைத்தான் எடுத்தான். அந்த விரலை ஒருத்தன் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இவன் பார்த்திருப்பானோ என்னவோ.

டீ கிளாஸைக் கீழே வைத்தான். அக்காவுக்குத் தம்ப் பிடிக்காமல் இல்லை. அக்காவால் தம்ப் அடிக்க முடியாது. ஊனத்தைப் பார்த்து நாலு வருஷம் காப்பி அடித்திருக்கிறான்! நல்ல கட்டைவிரலை வைத்துக்கொண்டு, அதை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் பிரசங்கம் வேறு. சிரிப்பு வரவில்லை. முதலில் அவமானம் வந்தது. அப்புறம் கோபம் வந்தது, அதுவும் என்ன நியாயமோ, அவள் மேல் வந்தது, ஏதோ அவள்தான் இவனை ஏமாற்றிவிட்ட மாதிரி. கடைசியில் பயம் வந்து உட்கார்ந்தது. கோட்டுக்குப் பின்னால் காய் வந்து, திரும்பி வருகிற வழியும் அடைபட்டால் தன்னிடம் வேறு ஷாட்டே கிடையாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மூன்றாவது கேம் ஆரம்பித்தது.  காயின் ஓரத்தைத் தொட்டுத் தள்ளுகிற சுலபமான கட் ஒன்றைத் தவறவிட்டான். மூன்று போர்டு, அதாவது மூன்று சுற்று, வரிசையாக அவள் பக்கம் போயிற்று. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வாசல் பக்கம் யாரோ வழி விடச் சொல்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தான். அக்பர் பாஷா. கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். சட்டைப் பையில் மெத்தை தைக்கிற வளைந்த ஊசி குத்தியபடியே இருந்தது. உட்கார இடமில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். மகன் தோற்பதைப் பார்க்க வந்தாரா, ஜெயிப்பதைப் பார்க்க வந்தாரா என்று அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த போர்டில் ஷண்முகப்ரியாவின் மடிப் பக்கம் ஒரு காய் வந்து விழுந்தது. எந்தப் பொடியனும் கட்டைவிரலால் தள்ளிவிடுகிற காய். அவள் குனிந்தாள், கண்ணைச் சுருக்கினாள், ஸ்ட்ரைக்கரை அந்தப் பக்கம் அனுப்பினாள். அது சட்டத்தில் மோதி இரண்டு கறுப்புக் காய்களுக்கு நடுவில் நூல் பிடித்த மாதிரி திரும்பி வந்து காயை உள்ளே தட்டியது. கூட்டம் ‘ஓ’ என்றது.

இதே ஷாட்டைத் தௌசீஃப் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். இன்றுதான் வேறு மாதிரி தெரிந்தது. இதை அவள் எத்தனை பேர் சிரிக்கச் சிரிக்கப் பழகியிருப்பாள்? ஒம்பது வயசில் ஒரு விரல் போனவளிடம், பாப்பா, கேரம் வேண்டாம், வேறு ஏதாவது விளையாடு என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? யார் சொன்னதையும் கேட்காமல், இல்லாத விரலுக்குப் பதில் போர்டு முழுவதையும் சுற்றி வருகிற வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள்.  இவ்வளவு நாள் அவள் மேல் இருந்தது வெறும் பிரமிப்பு. மரியாதை அன்றைக்குத்தான் வந்தது. விசித்திரம் என்னவென்றால், வந்ததும் பயம் போய்விட்டது. இவளிடம் தோற்பதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் சும்மா தோற்றுக் கொடுப்பதுதான் கேவலம்.

அதற்குப் பிறகு அவன் ஆடியதை ஆட்டம் என்று சொல்லலாம். ஒன்று, இரண்டு, மூன்று போர்டு எடுத்தான். ஹம்மாத் கத்துவதை நிறுத்திவிட்டான். சிதம்பரநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புள்ளியைச் சொன்னார். இருவரும் சமம். இன்னும் ஒரே போர்டு. யார் காய் முதலில் தீர்கிறதோ அவருக்குக் கோப்பை.

கடைசி போர்டில் தௌசீஃபுக்கு வெள்ளை. அவனுக்குத் தெரிந்த வித்தை எல்லாம் வரிசையாக வந்தது. மெதுவாகத் தொடும் கட், சட்டத்தைத் தடவிக்கொண்டு போகிறது, திரும்பி வந்து தட்டுகிறது. ரெட் காய் அவள் பக்கம் போய்விட்டது, போகட்டும். அவனுக்கு ஒரு வெள்ளைக் காய் மிச்சம், அவளுக்கு ஒரு கறுப்பு மிச்சம். அவனுடைய வெள்ளை அவன் மடிப் பக்கம், கோட்டுக்குப் பின்னால், வலது மூலையை ஒட்டிக் கிடந்தது. முறை அவளுடையது.

அவளுடைய கறுப்பு நேராகப் போகிற இடத்தில் இல்லை. அவள் யோசித்தாள். போர்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தௌசீஃப் உட்கார்ந்திருந்த விதத்தை, தன்னைப் போலவே இடப்பக்கம் சாய்ந்திருந்த அந்தத் தோளை, ஒரு கணம் பார்த்தாள். ஸ்ட்ரைக்கரை மெல்லத் தட்டினாள். கறுப்புக் காய் நகர்ந்து போய் நடுவில் நின்றது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தவறின ஷாட் என்று தோன்றியது. தௌசீஃபுக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. அவள் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்திருந்தாள். அவன் ஸ்ட்ரைக்கர் போய்த் திரும்பி வர வேண்டிய வழியில் குறுக்கே நின்றது அந்தக் காய். அதே இடத்திலிருந்து அடுத்த முறை அவள் கண்ணை மூடிக்கொண்டுகூட அதை உள்ளே போடலாம். இவன் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்தான். இடப்பக்கம் வழி பார்த்தான், இல்லை. இரண்டு சட்டத்தில் மோதி வருகிற வழி பார்த்தான். நூறில் ஒன்று விழும். அந்த நூறில் ஒன்றைத்தான் அக்கா அடித்திருப்பாள். அவளுக்கு வேறு கதி இல்லை. உனக்கு என்னடா கேடு, என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

“டைம்,” என்றார் சிதம்பரநாதன்.

தூணருகே அக்பர் பாஷா இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

தௌசீஃப் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தான். நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான். நாலு வருஷமாகச் சாய்ந்தே பழகிய முதுகு நிமிர மறுத்தது. மணிக்கட்டைத் திருப்பினான். மடங்கிக் கிடந்த கட்டைவிரலை வெளியே எடுத்தான். அது யாரோ ஒருவனுடைய விரல் மாதிரி இருந்தது. உள்ளங்கை வேர்த்திருந்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான். பிஸ்மில்லா என்று உதடு அசைந்தது. சுண்டினான்.

பலம் போதவில்லை. ஸ்ட்ரைக்கர் சோம்பலாகத்தான் போனது. வெள்ளையின் ஓரத்தைத் தொட்டது. காய் உருண்டு, இல்லை, நகர்ந்து, பாக்கெட்டின் உதட்டில் போய் நின்றுவிட்டது போலிருந்தது.  பிறகு அது மெல்லத் தலை சாய்ந்து உள்ளே விழுந்தது.

மண்டபம் அதிர்ந்தது. ஹம்மாத் நாற்காலிகளைத் தாண்டிக் குதித்து வந்து அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். “பாத்தியாடா! இதாண்டா ஆம்பள ஷாட்டு! எங்க மேடம் இல்லடா இவன், பாஷா புள்ளடா!” பின்னால் நாலைந்து பேர் அதையே பிடித்துக்கொண்டு, “ஆம்பள ஷாட்டு, ஆம்பள ஷாட்டு” என்று கை தட்டினார்கள்.

எதிரே ஷண்முகப்ரியா எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையால் தன் தொடையில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதை யாருக்கும் காட்டாமல் ஸ்ட்ரைக்கரைத் துணியில் சுற்றினாள். கத்துவது அவள் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. இதற்கு முன்னும் விழுந்திருக்கும்.

தௌசீஃபுக்கு ஜெயித்த சந்தோஷம் வாய் வரை வந்து கசந்தது. ஹம்மாத்தின் கையைப் பிடித்து விலக்கினான்.

“இன்னா மச்சி?”

“வாய மூட்றா,” என்றான் தௌசீஃப். சத்தமாகத்தான் சொன்னான். சுற்றி நின்றவர்கள் அடங்கினார்கள். “இன்னா ஆம்பள ஷாட்டு? இது ஜாம்பஜார்ல மூக்கொழுகற பசங்க அடிக்கற ஷாட்டு. இந்த போர்டுல ஒம்பது காய் போட்டேன். எட்டு அவங்க ஷாட்டு. அவங்களப் பாத்து கத்துகினது. அவங்க இல்லன்னா நான் இந்த நாற்காலிலயே குந்தியிருக்க மாட்டேன். போய் உன் கிளப்புல சொல்லு. நான் மேடம்தான். அப்டியே கூப்டு.”

ஹம்மாத் ஓரமாக ஒதுங்கினான். பாவம், அவனுக்கு இதெல்லாம் ஒரே நாளில் கொஞ்சம் அதிகம். தூணருகிலிருந்து அக்பர் பாஷா மகனைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். ஒரு வருஷம். காட்டிவிட்டு, உட்கார ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதா என்று தேடினார்.

ஷண்முகப்ரியா எழுந்து வந்தாள். கையை நீட்டினாள். வலது கையைத்தான். தௌசீஃப் பிடித்தான். விறைத்த அந்தக் கட்டைவிரல் அவன் மணிக்கட்டில் பட்டது.

“செமி ஃபைனல்ல உன் ஆட்டத்தப் பாத்தேன் தம்பி,” என்றாள். “கண்ணாடில என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு. நீயும் தம்ப் அடிக்க மாட்டேன்னு நெனச்சுதான் காய அங்க வெச்சேன்.”

“நானும் அப்டிதான்க்கா நெனச்சேன்.”

அவள் சிரிக்கவில்லை. அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். நாலு வருஷமாக அவன் போனில் பார்த்த அதே பார்வைதான், ஒற்றைக் கண் லேசாகச் சுருங்கியிருந்தது.

“அடுத்த வருஷம் அங்க வைக்க மாட்டேன்,” என்றாள்.